அம்மன் கட்டியிருந்தது கறுப்புச் சேலையா? கண்டவர் சொல்வதும் கீறுபவர் கையும்

தூரிகைக்காரி, கல்லடி
எல்லாருக்கும் வணக்கம். கோயில் வேலை ஒன்றில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு கண்ணகை அம்மன் கோயிலுக்குத் திரைச்சீலை கீறித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். வைகாசிச் சடங்குக்குக் கதவு திறக்கும்போது புதுச் சீலை தொங்க வேண்டும். நிர்வாகத்தார் ஒரு கலண்டர் படத்தைக் கையில் தந்து "இதுபோல" என்றார்கள். சரி, வேலை அவ்வளவுதான் என்று முற்பணமும் வாங்கிவிட்டேன்.

அந்த ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளவட்டமாய் இருந்த காலத்தில் வயல் காவலுக்குப் பரணில் படுத்திருந்தபோது அம்மனைக் கண்டவர் என்று ஊரே சொல்கிறது. நல்ல நிலவு. வரம்பில் ஒரு பெண் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு இல்லை. கதை அவ்வளவுதான். ஒரு வார்த்தையும் பேசவில்லை, வரமும் கொடுக்கவில்லை. படத்தை அவரிடம் காட்டி ஒரு சொல் கேட்டுக்கொள் என்று நிர்வாகத்தாரே அனுப்பினார்கள்.

பென்சிலால் கீறியதைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்த உடனேயே "இது இல்ல, மனே" என்றார். எது இல்லை என்று கேட்டால், "சேலை கறுப்பு. மறுகா, அவ என்னைப் பார்க்கல்ல, அங்கால பார்த்தா." பக்கவாட்டாக மாற்றினேன். "முகம் இவ்வளவு பெரிசில்ல." சின்னதாக்கினேன். "இதுவும் இல்ல." இப்படியே போனது. கடைசியில் அவருக்கே சலிப்பு வந்து, "நீ கீறக் கீற எனக்கு மறக்குது" என்று எழும்பிப் போய்விட்டார். அந்தச் சொல்தான் இந்த இழையைத் தொடங்க வைத்தது.

நிர்வாகத்தார் பக்கம் வேறு பிரச்சினை. அம்மனுக்குக் கறுப்புச் சேலையா, வாயாலும் சொல்லாதே என்கிறார்கள். சிவப்பு, நேர்முகம், பெரிய கண். ஒருவர் கண்டதை இன்னொருவர் கீற முடியுமா? கண்டவரே கீறினாலும் அது வருமா? உங்கள் அனுபவம், வாசித்தது, எதுவானாலும் சொல்லுங்கள்.

பாலத்தடி
முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாங்க தங்கச்சி. படுவான்கரை. மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டிப்போட்டால் நாங்கள் வந்து பிரிக்க ஏலாது.

மரியநேசன், தாண்டவன்வெளி
மேலே உள்ள பகிடியை விடுங்கள். உங்கள் பெரியவரின் கதை எங்கள் கத்தோலிக்கர் பக்கத்தில் இரண்டு தரம் நடந்திருக்கிறது.

1858-இல் பிரான்சின் லூர்து மலைக்குகையில் மாதாவைக் கண்ட பெர்னதெத்துக்கு அப்போது 14 வயது. அவள் சொன்ன அடையாளங்களைக் கேட்டு ஃபபீஷ் என்ற சிற்பி பளிங்கில் சிலை செய்தார், 1864-இல் குகையில் வைத்தார்கள். நல்ல வடிவான சிலைதான். ஆனால் அது அவர் இல்லை என்றாள் பெர்னதெத். அவள் கண்டது ஏறக்குறைய தன் உயரமுள்ள ஒரு இளம்பெண். சிற்பி வடித்ததோ முதிர்ந்த, நெடிய மாதா. இன்றைக்கு உலகம் முழுக்க லூர்து மாதா என்று நாங்கள் கும்பிடுவது கண்டவள் மறுத்த அந்த உருவத்தைத்தான்.

மற்றது போலந்தின் கன்னியாஸ்திரி ஃபவுஸ்தீனா. 1931-இல் இயேசுவைக் கண்டார், இப்படி ஒரு படம் வரையச் சொல் என்று கட்டளை வந்ததாக எழுதியிருக்கிறார். அவருக்கோ கீறத் தெரியாது. 1934-இல் வில்னியுசில் கசிமிரோவ்ஸ்கி என்ற ஓவியர் வரைய, பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் திருத்தச் சொன்னார். படம் முடிந்தபின் தனியே போய் அழுதாராம், கண்ட அழகு அதில் இல்லை என்று. மகிமை நிறத்திலும் தூரிகையிலும் இல்லை என்ற மறுமொழி அவருக்குக் கிடைத்ததாக நாட்குறிப்பில் இருக்கிறது.

இதைவிட விசேஷம் ஒன்று உண்டு. இங்கே எங்கள் வீடுகளில் தொங்கும் இறை இரக்கப் படம் பெரும்பாலும் அந்தப் படம் அல்ல. 1938-இல் ஃபவுஸ்தீனா இறந்தபிறகு, 1940-களில் அடோல்ஃப் ஹீவா என்பவர் வரைந்தது. கண்டவர் கண்ணால் பாராத படம்தான் ஊரெல்லாம் பரவியது. ஆகவே பெரியவர் தலையாட்டும்வரை காத்திருந்தால் சடங்கு வந்துவிடும்.

வாவிக்கரை
நான் பென்சன் எடுத்த விஞ்ஞான வாத்தியார். பக்தியைப் புண்படுத்த எழுதவில்லை, ஆனால் கண்ணுக்கும் மூளைக்கும் உள்ள பங்கைச் சொல்லாமல் இந்தக் கேள்வியைத் தொட முடியாது.

இல்லாததைக் காண்பவர்கள் எல்லாரும் தாறுமாறாக எதையோ காண்பதில்லை. 1920-களில் ஹைன்றிச் குளூவர் என்ற ஆய்வாளர், மெஸ்கலீன் என்ற கள்ளிச் சத்தை உட்கொண்டவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தார். திரும்பத் திரும்ப வந்தவை நாலே வகை வடிவங்கள்: தேன்கூடு போன்ற கட்டங்கள், சிலந்திவலை, சுரங்கம், சுருள். 1979-இல் எர்மென்ட்ரௌட், கோவன் என்ற இருவர் இதற்குக் கணிதம் எழுதினார்கள். மூளையின் பார்வைப் பகுதியில் நரம்புக் கலங்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் ஒரு கிளர்ச்சி அலை எழுந்தால், பார்ப்பவருக்கு அது இந்த வடிவங்களாகத்தான் தோன்றும். வெளியே எதுவும் இருக்கத் தேவையில்லை.

ஜெர்மனியின் கன்னியாஸ்திரி ஹில்டெகார்ட் (1098 முதல் 1179 வரை) கண்ட காட்சிகளுக்கு ஒரு நூலில் படங்கள் உண்டு. விழும் நட்சத்திரங்கள், வளையம் வளையமாய் ஒளி. சார்ல்ஸ் சிங்கர் என்ற வரலாற்றாசிரியர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இது ஒற்றைத் தலைவலி என்றார். தலைவலிக்கு முன் வரும் ஒளிக்கோடுகளை அப்படியே கீறியிருக்கிறார்களாம்.

ஆகவே பெரியவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். கண்டிருப்பார். எங்கே கண்டார் என்பதுதான் கேள்வி.

அரைக்கண், அக்கரைப்பற்று
சேர், அந்தத் தலைவலி எனக்கு இருக்கிறது. அதனால் கொஞ்சம் சொல்லலாம்.

முதலில் வாசிக்கும் எழுத்தில் ஒரு ஓட்டை விழும். பஸ் பலகையில் "கல்முனை" என்று இருந்தால் "முனை" மட்டும் தெரியும், மற்றப் பாதி கறுப்பாகவும் இல்லை, வெள்ளையாகவும் இல்லை, இல்லவே இல்லை. பிறகு அந்த இடத்திலிருந்து ஒரு பிறை வடிவம் புறப்படும். அதன் விளிம்பு கோட்டைச் சுவர் மாதிரிப் பல்லுப்பல்லாய், மினுக்கிக்கொண்டே பெரிதாகி, அரை மணித்தியாலத்துக்குள் பார்வைக்கு வெளியே போய்விடும். மறுகா வலி. கண்ணை மூடினாலும் அது நிற்காது. ஒரு தரம் கொப்பியில் கீறி டொக்டரிடம் காட்டினேன். அவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். 1870-இல் ஹூபர்ட் ஏரி என்பவர் தன்னுடையதைக் கீறியது. நான் கீறியதும் அவர் கீறியதும் ஒரே பல்லு, ஒரே வளைவு. எனக்குப் புல்லரித்தது.

ஆனால் சேர், இதுதான் நான் சொல்ல வந்தது: எனக்கு அது வந்து போகும்போது அதில் ஒருவரும் இல்லை. யாரும் என்னைப் பார்ப்பதுமில்லை, பார்க்காமல் இருப்பதுமில்லை. ஹில்டெகார்ட் அம்மையார் அந்த ஒளிப்பொட்டுகளில் விழுகிற வானதூதர்களைக் கண்டாரே, அது தலைவலியில் இருந்து வரவில்லை. எனக்கு வந்தால் பனடோலைத்தான் தேடுவேன்.

வாவிக்கரை
அருமையான விவரிப்பு, மகள். அந்தப் பிறை ஏன் அப்படி விரிகிறது என்பதை லாஷ்லி என்ற அமெரிக்கர் 1941-இல் தன் தலைவலியையே நேரம் பார்த்துக் கீறிக் கணக்கிட்டார். மூளை மேற்பட்டையில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வேகத்தில் ஏதோ ஊர்ந்து போகிறது என்று. பிறகு வந்த ஆய்வுகள் அவரைச் சரி என்றே காட்டின. நீங்கள் சொன்ன "ஒருவரும் இல்லை" என்பதை ஒத்துக்கொள்கிறேன். வடிவம் மூளையில் எழுகிறது, ஆள் எங்கிருந்து வருகிறார் என்பது எனக்குப் பிடிபடாத இடம்.

வெள்ளைச்சட்டை
நான் கண் வாட்டில் வேலை செய்பவள். ஆள் வருவதும் உண்டு சேர். பார்வை மங்கிய வயதானவர்கள் சிலருக்கு, மூளைக் கோளாறு எதுவும் இல்லாமலே, ஆட்கள் தெரிவார்கள். 1760-இல் ஜெனீவாவில் சார்ல்ஸ் பொன்னே தன் தாத்தாவுக்கு நடந்ததை எழுதினார், இன்றைக்கும் அவர் பெயரில்தான் அந்த நிலையைச் சொல்கிறோம். தாத்தாவுக்கு 90 வயதை நெருங்கியிருந்தது, கண்புரை வேறு. மனிதர்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் வந்து போயின. அவை இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

வாட்டில் ஒரு அம்மா மெல்ல என்னிடம் கேட்டார், "மகள், இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்களே, யார் வீட்டுப் பிள்ளைகள்?" பிள்ளைகளிடம் சொல்லவில்லையாம், பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று. இப்படி எத்தனை பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்களோ.

1998-இல் லண்டனில் இப்படிப்பட்டவர்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நிறம் தெரியும் நேரம் மூளையின் நிறப் பகுதி வேலை செய்தது, முகம் தெரியும் நேரம் முகத்துக்கான பகுதி. கற்பனை பண்ணுகிறார்கள் என்று தட்டிவிட ஏலாது, உண்மையாகவே "பார்க்கிறார்கள்". தங்கச்சி, பெரியவரின் கண் எப்படி?

தூரிகைக்காரி
அக்கா, இப்போது ஒரு கண்ணில் ஒப்பரேசன் செய்திருக்கிறார். ஆனால் கண்டது இளவயதில். இரவில் பன்றி வருவதைப் பரணில் இருந்து பார்க்கும் கண். அதனால் இது பொருந்தாது என்று நினைக்கிறேன்.

வெள்ளைச்சட்டை
பொருந்தாது. இன்னொன்றும் உண்டு. என் நோயாளிகள் காண்கிற ஆட்கள் அநேகமாக முன்பின் தெரியாதவர்கள். இவர் பார்த்த உடனேயே "அம்மன்" என்று அறிந்திருக்கிறார். எதை வைத்து அறிந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

மண்டூரான்
எல்லாரும் ஸ்கேன், தலைவலி என்று போகிறீர்கள். கிழக்கு மாகாணத்தில் இருந்துகொண்டு கதிர்காமத்தை ஒருவரும் எடுக்கவில்லையே.

கதிர்காமத்தில் கர்ப்பக்கிருகத்து மூர்த்தியை யார் கண்டது? பாதயாத்திரையில் வெருகல், மாமாங்கம், உகந்தை என்று கால் கொப்புளிக்க நடந்துபோய், குமண காடு தாண்டி, சந்நிதியில் நின்றால் தெரிவது திரைச்சீலை. அதில் மயிலோடும் வள்ளி தெய்வானையோடும் முருகன் சித்திரமாக இருக்கிறார். கும்பிடுவது அந்தச் சித்திரத்தின் முன்னால். உள்ளே கப்புறாளை என்ற பூசகர் மட்டும் போவார். திருவிழாவில் யானைமேல் போவதும் மூடிய பேழைதான். எங்கள் மண்டூரிலும் அப்படித்தான், சின்னக் கதிர்காமம் என்று சும்மா சொல்வதில்லை. கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரச் சத்தம் இல்லாமல், திரைக்கு உள்ளே பூசை வைப்பார். வெளியே நாங்கள்.

அங்கே ஓவியத்தின் வேலை காட்டுவது இல்லை, மறைப்பது. உள்ளே இருப்பது இப்படித்தான் இருக்கும் என்று அந்தச் சீலை ஒருநாளும் சொன்னதில்லை. தங்கச்சி, உங்களிடம் கேட்டதும் திரைச்சீலைதானே? பெரியவர் கண்டதை அதில் ஏன் கீற வேண்டும்? நிர்வாகம் கேட்டதைக் கீறிக் கொடுங்கள். அவர் கண்டது திரைக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும்.

தூரிகைக்காரி
அண்ணன், இதைப் பலமுறை வாசித்தேன். நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் மறைக்கிற சீலையிலும் ஏதோ ஒரு முகம் கீறித்தானே ஆகவேண்டும்? எந்த முகம் என்ற கேள்வி என் கைக்கு வந்துவிடுகிறது.

உடுக்கடி, வாகரைப் பக்கம்
காண்பதும் ஆடுவதும் வேறு வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் சடங்கில் தெய்வம் ஆடுகிறவர்கள் உண்டு, எனக்குச் சொந்தக்காரர் ஒருவரும் ஆடுவார். உடுக்கும் பறையும் ஏற ஏற உரு வரும், தெய்வம் உடம்பில் ஏறும். வேப்பிலையை அள்ளிக்கொண்டு கட்டு, அதாவது குறி, சொல்வார், கேட்டவர் நடுங்குவார். விடிந்தபிறகு "என்ன கண்டீங்க மாமா?" என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. சொன்னதும் நினைவில்லை, ஆடியதும் நினைவில்லை. உடம்பு நோகிறது, தேத்தண்ணி கொண்டா என்பார். அம்மனைப் பார்த்தவர்கள் என்றால் சுற்றி நின்ற நாங்கள்தான். ஆடியவர் பார்க்கவே இல்லை. படம் கீறுபவர் அவரிடம் போய்க் கேட்டுப் பிரயோசனம் இல்லை.

வாவிக்கரை
ஒரு விஷயம் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது, இப்போதுதான் பிடிபட்டது. கறுப்புச் சேலை!

1825-இல் புர்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் எழுதினார்: பகலில் பளிச்சென்று தெரியும் சிவப்புப் பூ விடியப்புறத்து மங்கல் வெளிச்சத்தில் கறுத்துப்போகிறது, பக்கத்து இலை வெளிறித் தெரிகிறது. காரணம் எங்கள் விழித்திரையில் இரண்டு வகைக் கலங்கள். பகலுக்குக் கூம்புகள், நிறம் காண்பவை. இருட்டுக்குக் கோல்கள். கோல்கள் 500 நனோமீற்றருக்குக் கிட்டிய நீலப்பச்சை ஒளிக்குத்தான் நன்றாகத் துலங்கும், நீண்ட அலையான சிவப்புக்குக் கிட்டத்தட்டக் குருடு. நிலவு வெளிச்சத்தில் வேலை செய்வது பெரும்பாலும் கோல்கள். நல்ல சிவப்புச் சேலை கட்டிய பெண்ணை நிலவில் தூரத்தில் நிறுத்துங்கள், கறுப்புத்தான்.

முகத்துக்கும் இதுவே. கூர்மையாகப் பார்க்கும் நடுப்புள்ளியில் கோல்களே இல்லை. இருட்டில் ஒன்றை நேரே உற்றுப் பார்த்தால் அது மங்கிப்போகும், சற்று விலகிப் பார்த்தால் தெரியும். நிலவில் பரணில் இருந்து வரம்பில் நிற்பவளின் கண் மூக்கு பிரியவே பிரியாது. அவர் முகத்தைக் காணவில்லை, தங்கச்சி. அதனால்தான் நீங்கள் எந்த முகத்தைக் கீறினாலும் பிழை.

சிவப்பு என்ற நிர்வாகமும் சரி, கறுப்பு என்ற பெரியவரும் சரி.

மண்டூரான்
சேர், நீங்களே உங்களை வெட்டிவிட்டீர்கள். மூளைக்குள் எழுந்த காட்சி என்றால் அது ஏன் நிலவு வெளிச்சத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும்? மூளைக்குள் கோல் ஏது, கூம்பு ஏது? உள்ளே எழுந்தது என்றால் கலண்டர் அம்மன் மாதிரி ஒளிவட்டத்தோடு சிவப்பாகத்தானே வந்திருக்க வேண்டும். வரம்பில் யாரோ நின்றதால்தான் கறுப்பாகத் தெரிந்தது. நின்றது யார் என்பதை ஊர் சொல்லும்.

அரைக்கண், அக்கரைப்பற்று
அண்ணன் போட்டார் பாருங்க ஒரு போடு.

வாவிக்கரை
நல்ல கேள்விதான், ஒரு நாள் யோசித்தேன். மறுமொழி இப்படி: வயல் காவல்காரர் ஒருவர் நிலவில் சிவப்புச் சேலை எப்படித் தெரியும் என்பதை ஆயுள் முழுக்கப் பார்த்துப் பழகியவர். கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் அவர் காட்சிக்குள்ளும் போயிருக்கலாம். மனிதன் கனவில் காண்பதும் தன் கண் பழகியதைத்தான். அல்லது நீங்கள் சொல்வதுபோல் யாரோ ஒரு பெண் உண்மையாகவே நின்றிருக்கலாம், பிள்ளைக்கு மருந்து வாங்க நடந்துபோன தாயாகக்கூட இருக்கலாம். இரண்டில் எது என்பதைச் சேலை நிறத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

காட்சி எங்கே நிகழ்கிறது என்பதற்கு லண்டன் ஓவியர் வில்லியம் பிளேக்கின் (1757 முதல் 1827 வரை) கதை ஒன்று உண்டு. சின்ன வயதிலேயே மரத்தில் தேவதூதர்களைக் கண்டவர். தான் கண்ட ஒரு காட்சியை விருந்தொன்றில் விவரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் எங்கே கண்டீர்கள் என்று கேட்டாராம். நெற்றியைத் தொட்டு "இங்கே" என்றாராம். அதற்காக அதைப் பொய் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

மரியநேசன், தாண்டவன்வெளி
பிளேக்கை எடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1819 அளவில் வார்லி என்ற நண்பர் இரவில் அவரோடு இருந்து, வரும் ஆவிகளை வரையச் சொல்வார். தெள்ளுப்பூச்சியின் ஆவி வந்தது. பிளேக் வரைந்துகொண்டே இருந்தவர் நிறுத்தினார். தாளில் வேறொரு மூலையில் வாயை மட்டும் தனியே வரையத் தொடங்கினார். ஏன் என்றால், அது வாயைத் திறந்துவிட்டதாம், மூடினால்தான் முதல் படத்தைத் தொடரலாமாம்! முன்னால் ஒருவரை இருத்தி வரைகிற எவருக்கும் தெரிந்த தொல்லை இது. அதைப் பார்த்துத்தான் இவர் முன்னால் உண்மையாகவே ஏதோ இருக்கிறது என்று வார்லி நம்பினார். பிறகு அதே பூச்சியைப் பிளேக் ஒரு சின்ன மரப்பலகையில் பொன் சேர்த்து வர்ணத்தில் தீட்டினார். லண்டன் ரேற் காட்சியகத்தில் இருக்கிறது, இரண்டு கை அகலம்கூட வராது.

போர்ட் மாஸ்ரர், களுவாஞ்சிகுடி
பிள்ளைகள், நான் நாற்பது வருசமாய்ப் பெயர்ப்பலகை, தேர்ச்சீலை, கோயில் சுவர் எல்லாம் கீறியவன். ஒரு இரகசியம் சொல்கிறேன். கண்ணை மூடினால் எனக்கு ஒன்றும் தெரியாது. இருட்டுத்தான். பிள்ளையாரை நினை என்றால் பிள்ளையார் என்ற நினைப்பு வரும், படம் வராது. எல்லாருக்கும் இப்படித்தான் என்று இருந்தேன். பேரன்தான் இணையத்தில் காட்டினான், 2015-இல் சீமன் என்ற டொக்டர் இதற்குப் பெயரே வைத்திருக்கிறாராம். டிஸ்னியில் அந்தக் கடற்கன்னியைக் கீறிய க்ளென் கீனும் எங்கள் சாதிதான்.

எனக்குச் சுண்ணாம்புச் சுவரில் கரிக்கோடு விழுந்தபிறகுதான் முகம் தெரியும். முதல் கோடு பிழை என்று கண் சொல்லும், இரண்டாவது அதைத் திருத்தும். காண்பது கையில்தான் நடக்கிறது. ஆகவே கண்டவர் முதலில், கீறுபவர் பிறகு என்ற கணக்கே எனக்குப் பொருந்தாது.

மகள், வேலைக்கு வருவோம். சீலை ஒரு பக்கம் இழுக்கிறதா, நடுவில் பிரிந்து இரண்டு பக்கமா? நடுவில் பிரிந்தால் முகம் வெட்டுப்படும், முதலே கேளுங்கள். எனமல் கிட்டவும் வேண்டாம், மடிப்பில் வெடிக்கும். மல்லுத்துணியைக் கஞ்சி போகக் கழுவி, அக்ரிலிக்கை மெல்லிசாய் இரண்டு பூச்சு. சேர் சொன்ன சிவப்புச் சங்கதி எனக்கு வர்ணத்தில் தெரியும், காரணம்தான் தெரியாது. ஆனால் கவனம், விளக்கு வெளிச்சம் நிலவு இல்லை. எண்ணெய்த் திரியில் சிவப்பு நிறைய இருக்கிறது, சிவப்பை அது தூக்கிவிடும்.

பசுங்கிளி நானா, காத்தான்குடி
நாங்கள் உருவம் கீறுகிற ஆட்கள் இல்லை, அதனால் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும். 1221-இல் மறைந்த நஜ்முத்தீன் குப்றா என்ற சூபி ஞானி, இறைநாமத்தைத் திரும்பத் திரும்ப ஓதும் திக்ரில் இருப்பவருக்குத் தெரியும் நிறங்கள், புள்ளிகள், வட்டங்கள் பற்றி எழுதியிருக்கிறார். எந்த நிறம் எந்த நிலைக்கு அடையாளம் என்றும் சொல்கிறார், பச்சை உயிருள்ள இதயத்தின் அடையாளம். சேர் சொன்ன வளையங்கள் இவருக்கும் தெரிந்திருக்கின்றன. ஆனால் அவர் அவற்றை ரசிக்கச் சொல்லவில்லை, சீடன் எங்கே நிற்கிறான் என்று அறியத்தான். காட்சியைப் படமாக்காமலும் ஒரு பெரிய மரபு அதைக் கவனமாகப் படித்திருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

தூரிகைக்காரி
எல்லாருக்கும் நன்றி. சீலை முடிந்துவிட்டது.

மாஸ்ரர் சொன்னபடி கேட்டேன், ஒரு பக்கம் இழுக்கும் சீலைதான். சேலைக்கு வெள்ளையும் மஞ்சளும் ஒரு துளி கலக்காமல் ஆழமான கிரிம்சன். பின்னால் வயல், நீலம் கூடிய பச்சை. வாவிக்கரை சேரின் கணக்குச் சரியானால் மங்கலில் சேலை உள்ளே அமிழ வேண்டும், வயல் மேலே வரவேண்டும். கரண்ட் போன இரவு விறாந்தையில் தொங்கவிட்டுப் பார்த்தேன். தெரு விளக்கும் இல்லை, பிந்திய நிலவு மட்டும். கண் பழகக் கொஞ்ச நேரம் எடுத்தது. மறுகா சிவப்பு போய்விட்டது. கரும்பட்டு! வயல் சாம்பலாய் வெளிச்சம் போட்டது. என் கையால் பூசியதுதான், ஆனாலும் ஒருமுறை போன் வெளிச்சத்தை அடித்து நிறத்தைச் சரிபார்த்தேன்.

முகத்தை முக்கால்வாசி திருப்பினேன். நேர்முகம் இல்லை என்று நிர்வாகத்தார் முணுமுணுத்தார்கள், பிறகு ஒரு கண் முழுதாகத் தெரிகிறதே என்று விட்டுவிட்டார்கள். பெரியவரைப் பின்னேரம் இருளும் நேரத்துக்குக் கூட்டிவரச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். "சேலை சரி. முகம் பிழை" என்றார். நிர்வாகத்தார், "முகம் நல்லாயிருக்கு. சேலைதான் கொஞ்சம் மங்கல்."

வெள்ளைச்சட்டை அக்கா கேட்கச் சொன்னதையும் கேட்டேன், அம்மன் என்று எப்படித் தெரிந்தது என்று. "நாய் குரைக்கல்ல" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அதை எப்படிக் கீறுவது?

என் எண்ணத்தைச் சொல்கிறேன், சண்டைக்கு வரவேண்டாம். அவர் கண்டது நிஜமா என்று நான் தேடவில்லை, அது என் வேலையும் இல்லை. ஆனால் அவர் சொன்னது கலண்டரோடு எங்கே ஒத்துப்போகவில்லையோ, அந்த இடங்களில்தான் எனக்கு வேலை இருந்தது. நேர்முகம், சிவப்பு, ஒளிவட்டம் என்று அவர் சொல்லியிருந்தால் கையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

மிச்சக் காசு சடங்கு முடிந்து தருவார்களாம்.

பாலத்தடி
அப்போ அதுவும் ஒரு காட்சிதான்.

உகந்தைப் பாதை, பொத்துவில்
பிந்தி வந்தேன், மன்னிக்கவும். இந்தப் பேச்சுக்கு அம்பாறை மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. லகுகலைக்கு அப்பால், ஹுலன்னுகே பக்கம் தாருலென்கல என்ற பெரிய குகையில் பழைய கீறல்கள் உண்டு.

தென்னாபிரிக்காவின் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் 1988-இல் டௌசன் என்பவரோடு சேர்ந்து ஒரு கருத்தைச் சொன்னார். பாறை ஓவியங்களில் வரும் கட்டங்கள், வளைகோடுகள், புள்ளிகள் எல்லாம் உரு ஏறியவர்கள் கண்டவை, அதாவது வாவிக்கரை சேர் சொன்ன மூளை வடிவங்கள். ஓவியம் தொடங்கியதே காட்சியில்தான் என்ற அளவுக்கு அது பரவியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இலங்கை வேடர்களைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911-இல் எழுதியதைப் பாருங்கள். வேடர்களிடம் உரு ஏறி ஆடும் சடங்குகள் உண்டு, ஆடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். குகைச் சுவரில் கீறியவர்கள் யார் என்றால் பெண்கள். வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை, பொழுதுபோக்காக, சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் கீறினார்களாம். உரு வந்தவர்கள் கீறவில்லை, கீறியவர்களுக்கு உரு வரவில்லை. எங்கள் தீவில் அந்தப் பெரிய கருத்து இந்த இடத்தில் இடறுகிறது.

உடுக்கடி, வாகரைப் பக்கம்
நான் மேலே சொன்னதும் அதுதானே. ஆடியவரிடம் படம் இல்லை.

வாவிக்கரை
ஒரு கேள்வி. பொழுதுபோக்காகக் கீறியது என்று எழுதியவர் செலிக்மன். அந்தப் பெண்கள் வெள்ளைக்காரத் துரைக்கும் துரைசானிக்கும் முழுவதையும் சொல்லியிருப்பார்களா? எங்கள் ஊர்ச் சடங்கைப் பற்றி வெளியாள் கேட்டால் நாங்களே பாதிதான் சொல்வோம். லூயிஸ்-வில்லியம்ஸ் பிழை என்று இதை வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன், ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே சாவி என்றது அதிகம்.

உகந்தைப் பாதை, பொத்துவில்
அது நியாயம் சேர்.

போர்ட் மாஸ்ரர், களுவாஞ்சிகுடி
எனக்கு வேறு சந்தேகம். சாம்பலும் எச்சிலும் பாறையில் எப்படிப் பிடிக்கும்? எச்சிலில் பசை கொஞ்சம் இருக்கலாம், காய்ந்தால் உதிராதா? நான் என்றால் மரப்பிசின் சேர்த்திருப்பேன்.

உகந்தைப் பாதை, பொத்துவில்
உதிரும் மாஸ்ரர். மழையும் வெயிலும் படாத உள்சுவர் என்பதால்தான் மிச்சம் இருக்கிறது, கை பட்டால் போய்விடும். போகிறவர்கள் தொடவேண்டாம், தண்ணீர் தெளித்துப் படம் எடுக்கவும் வேண்டாம். உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காலையில் போங்கள். பின்னேரம் அந்தப் பாதையில் யானை இறங்கும்.